உலகம்மாளின் கட்டைவிரல்

உலகம்மாளின் வலது கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் இறங்கிய அன்று, வடக்குச்செவலில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் முதல் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தவர்கள் வரை, ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் முதல் பள்ளிக்கூட மணியடிக்கப் போன பியூன் வரை, ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வலது காலைத் தரையிலிருந்து தூக்கி, கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு "ஸ்ஸ்" என்றார்கள்; பிறகு காலைக் கீழே வைத்து, ஒருவரையொருவர் பார்த்து, இந்தப் பக்கமெல்லாம் ஏதோ ஒரு காய்ச்சல் சுற்றுகிறது, அதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வடக்குச்செவல்காரர்கள் எதற்கும் லேசில் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆச்சரியப்பட்டால் அதைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உலகம்மாளுக்கு மட்டும் அது காய்ச்சல் இல்லை என்று தெரியும். ராஜமணி அண்ணாச்சியின் செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கிற பெண் அவள். அண்ணாச்சி கடைக்கு ஏசி வைத்துக் கண்ணாடிக் கதவு போட்ட கையோடு, வேலைக்கு நிற்கிற பெண்களெல்லாம் முன்பக்கம் கூர்மையான கறுப்பு ஷூ போட வேண்டும், அப்போதுதான் டவுன் கடை மாதிரி இருக்கும் என்று ஆளுக்கொரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து இருட்டும்வரை நின்றாள்.

"அண்ணாச்சி, கட்டைவிரல முன்னால நெரிக்கி."

"புதுசு அப்படித்தாம்மா இருக்கும். போகப் போகப் பழகிரும்."

வீட்டுக்கு வந்து அம்மா ஆவுடையம்மாளிடம் சொன்னாள். ஆவுடையம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "நாள் முழுக்க நிக்கேல்லா, கால் வலிக்கத்தான் செய்யும். பழகிரும்" என்றாள். வடக்குச்செவலில் எந்த வலிக்கும் முதலில் கொடுக்கிற மருந்து அதுதான்; காசு கிடையாது, பத்தியம் கிடையாது, வேலையும் செய்யாது. உலகம்மாள் சின்ன வயதிலிருந்து அதைச் சாப்பிட்டு வளர்ந்தவள். அதனால் அவளுக்கு வலித்தால் கத்தத் தெரியாது.

அந்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் பனையடியூர், பெயர் மாசானம், மினிபஸ் ஓட்டுகிறவன். தினமும் அவன் வண்டி வடக்குச்செவல் பஜார் வழியாகத்தான் போகும், வரும். பெண் பார்க்க வந்த அன்று அவன் பேசியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் காப்பியில் சீனி போதும் என்பது. ஆள் நல்லவனா கெட்டவனா என்று அதிலிருந்து என்ன கண்டுபிடிப்பது? "புது ஊரு, புது வீடு, எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டவளுக்கு ஆவுடையம்மாள் அதே மருந்தைத்தான் எடுத்துக் கொடுத்தாள். உலகம்மாள் அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊரிலேயே, பெற்ற தாயிடமே வலிக்கிறது என்று சொன்னால் காதில் ஏறவில்லை. ஒரு முகமும் தெரியாத பனையடியூரில் எனக்கு வலித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்பதுதான் ராத்திரியும் பகலும் அவளுக்குள் ஓடியது.

ஷூ செய்தது பாதி என்றால் மீதியை ஊர் வழக்கம் செய்தது. வடக்குச்செவலில் பெண்கள் நகத்தைப் பிறை மாதிரித்தான் வெட்டுவார்கள். கால் விரலுக்கு மருதாணித் தொப்பி வைக்கும்போது நகத்தின் மூலை துருத்திக்கொண்டு தெரிந்தால் அந்தப் பெண்ணை வளர்த்த லட்சணம் சரியில்லை என்று பேசுவார்கள். நிச்சயதார்த்த மருதாணிக்காக உலகம்மாளும் பிளேடை எடுத்து இரண்டு மூலைகளையும் ஆழமாகத் தோண்டி வளைத்து வெட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டின மூலை திரும்ப வளரும்போது, கூர் ஷூவுக்குள் போக இடமில்லாமல் பக்கத்துச் சதைக்குள் குத்திக்கொண்டு இறங்கியது. அன்றுதான் ஊர் கொக்கு மாதிரி நின்றது.

அது யாருடைய வலி என்று தெரிந்தது ஒரு ஷூ டப்பாவால். மேல் தட்டிலிருந்து ஆண்கள் பூட்ஸ் டப்பா ஒன்று நழுவி உலகம்மாளின் காலில் நேராக விழுந்தது. கடையில் இருந்தவர்கள், தெருவில் போனவர்கள், எதிர்க்கடை மாவு மில்காரர், கல்லாவில் உட்கார்ந்திருந்த ராஜமணி அண்ணாச்சி எல்லோரும் ஒரே குரலில் "யம்மா" என்று அலறினார்கள். அலறாதது உலகம்மாள் ஒருத்திதான். அவள் வழக்கம்போல உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து டப்பாவை எடுத்தாள். காலைப் பிடித்துக்கொண்டு குதித்த அண்ணாச்சி, டப்பாவைப் பார்த்தார், அவள் ஷூவைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, இது ஒன் காலா?"

"ஆமா அண்ணாச்சி."

"இம்புட்டு வலியையும் வச்சுக்கிட்டா இத்தன நாளா நின்ன?"

"பழகிரும்னு சொன்னியள்லா."

அண்ணாச்சி கல்லாவை விட்டு வந்தார். தானே கீழே உட்கார்ந்து அவள் ஷூவைக் கழற்றினார். கழற்றியதும் பஜார் முழுவதும் ஒரு நீண்ட மூச்சு விட்டது. அவர் கடையிலேயே அகலமான, விரல்கள் விரித்து உட்கார இடமுள்ள செருப்பை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, மற்றப் பெண்களின் கூர் ஷூக்களையும் அன்றே பிடுங்கி மூட்டை கட்டினார். செய்தி கடைவீதியிலிருந்து கீழத்தெருவுக்குப் போய், கீழத்தெருவிலிருந்து குளத்தங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள், ஊர் இதை வெயில் மழை மாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டது. உலகம்மாளுக்குக் கட்டைவிரல் வலித்தால் எல்லோருக்கும் வலிக்கும். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டவர்களை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று மற்றவர்கள் அடக்கிவிட்டார்கள்.

அதன் பிறகு வைத்தியம் பார்க்க ஊரே கிளம்பியது. கை விரலில் நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகுவது வழக்கம். அது கால் விரலுக்கும் ஆகும் என்று நாலு பெண்கள் சேர்ந்து பெரிய பழமாகப் பார்த்துத் துளைத்து, வேண்டாம் வேண்டாம் என்றவளைப் பிடித்து உட்காரவைத்துச் சொருகினார்கள். புண்ணில் எலுமிச்சைச் சாறு பட்டதும் அந்த நாலு பெண்களும்தான் முதலில் துள்ளி விழுந்தார்கள். முடிவெட்டுகிற கடையில் ஒருவருக்கு மீசை பாதி போனது. கோயில் ஸ்பீக்கரில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஐயோ என்று கத்தியது பனையடியூர் வரை கேட்டது. அதோடு, ஊரைக் கேட்காமல் யாரும் உலகம்மாள் விரலைத் தொடக் கூடாது என்று முடிவாயிற்று.

சுகாதார நிலையத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டர் எஸ்தர் வெளியூர்க்காரர், ஆனால் ஊருக்குள் இருக்கிற நேரமெல்லாம் அவருக்கும் வலிதான். "எனக்கும் தெறிக்குது, அதனால சுருக்கமாச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். "வெதுவெதுப்பான தண்ணியில உப்புப் போட்டு, காலையும் சாயங்காலமும் கால ஊற வை. ஊறி இளகினதும் நகத்தோட ஓரத்த மெதுவாத் தூக்கி, அடியில துளி பஞ்சு வை. தினமும் பஞ்ச மாத்து. இனிமே நகத்த நேரா வெட்டணும். மூலைய வளைக்கக் கூடாது, தோண்டக் கூடாது. சீழ் வச்சா உடனே எங்கிட்ட வரணும். முக்கியமா, கொஞ்ச நாளைக்கு ரொம்ப நடக்காத."

சாயங்காலம் ஆவுடையம்மாள் பித்தளை அண்டாவில் தண்ணீர் காயவைத்து, பதம் பார்த்து, கல் உப்பை ஒரு கை அள்ளிப் போட்டாள். உலகம்மாள் காலை உள்ளே வைத்தாள். அந்த நேரத்தில் வடக்குச்செவலில் நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள், வாய்க்கால் தகராறில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தவர்கள் பிடியை விட்டார்கள், அழுத குழந்தை வாயில் விரலை வைத்துக்கொண்டது, மருமகளை ஏசிக்கொண்டிருந்த மாமியார் பாதியில் மறந்துபோய் "ஏட்டி, ஒனக்கும் இதமா இருக்கா?" என்று கேட்டாள். எல்லோருடைய கட்டைவிரலையும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் தொட்டது. அன்று முதல் விளக்கு வைக்கும் நேரம் ஊரில் யாரும் வேலை செய்வதில்லை. ஸ்பீக்கர்காரர், "உலகம்மாள் கால வச்சாச்சு, எல்லாரும் உக்காந்துக்கிடலாம்" என்று அறிவிப்பார். ஊர் உட்கார்ந்து கண்ணை மூடும்.

உலகம்மாளுக்கும் அது புதுசுதான். அவள் படியிறங்கினால் பத்துப் பேர் "பாத்து, பாத்து" என்றார்கள். அவள் போகிற வழியில் கல் கிடந்தால் எடுத்துப் போட்டார்கள், ஆட்டை இழுத்துக் கட்டினார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, அவள் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் தங்கள் காலுக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு நாள் தபால் நிலையத்துக்கு முன்னால் இருந்த பள்ளத்தில் அவள் கால் இடறிவிட்டது. நிதி வரவில்லை, நிதி வரவில்லை என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பஞ்சாயத்துத் தலைவர் நல்லபெருமாள், அப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றார். அன்று பொழுது சாய்வதற்குள் ஜல்லி வந்தது, ரோலர் வந்தது, பள்ளம் இருந்த சுவடே தெரியவில்லை. மறுநாள் காலையில் கீழத்தெருப் பெண்கள் ஆவுடையம்மாள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

"தாயி, எங்க தெரு வழியாவும் ஒரு நடை வந்துட்டுப் போயேன். ஒடஞ்ச சாக்கடை மூடி ஒண்ணு கெடக்கு."

உலகம்மாளுக்கு மறுக்கத் தெரியவில்லை. கீழத்தெரு போனாள், மேலத்தெரு போனாள், பள்ளிக்கூடத்துப் பாதை, சுடுகாட்டுப் பாதை, ஒன்று விடாமல் நடந்தாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் தார் விழுந்தது. தலைவர் நொண்டிக்கொண்டே ஓடி ஓடி வேலை பார்த்தார். வடக்குச்செவலில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நிர்வாகம் நடந்ததில்லை. ஆனால் டாக்டர் நடக்காதே என்று சொன்ன கால் அது. ஊர் நன்றாகிக்கொண்டே வர, விரல் கெட்டுக்கொண்டே வந்தது. வீங்கிச் சிவந்து, ஓரத்தில் சீழ் கட்டியது.

மாசானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வண்டி ஓடைப்பாலத்தைத் தாண்டி வடக்குச்செவல் எல்லைக்குள் நுழைந்ததும், பிரேக்கில் இருக்கிற அவன் வலது கால் தெறிக்க ஆரம்பிக்கும். திரும்பிப் போகும்போது பாலத்தைத் தாண்டியதும் விட்டுவிடும். அவன் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ரப்பர்த் துண்டு ஒன்றை வெட்டி பிரேக் பெடலில் ஒட்டிக்கொண்டு, ஊருக்குள் முட்டை கொண்டுபோகிற மாதிரி வண்டியை உருட்டினான். சாயங்கால நடையில் பஜாரில் வண்டி நிற்கிற நேரமும் ஊர் கண்ணை மூடுகிற நேரமும் எப்படியோ ஒன்றாகிவிட்டன. சீக்கிரம் எடுக்கச் சொல்லி எந்தப் பயணியும் அவசரப்படுத்தவில்லை.

அவன் அம்மா பொன்னுத்தாய் அப்படி அமைதியானவள் இல்லை. கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவள், ஆட்டோ பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததுமே காலைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வீட்டு வாசலுக்கு வந்து இறங்கி, ஆவுடையம்மாளிடம் உடைத்துச் சொன்னாள்.

"மைனி, பிள்ளையக் கொற சொல்லல. தங்கமான பிள்ள. ஆனா எங்க ஊரு பன ஏறுத ஊரு, இவ வலியும் கூடவே அங்க வந்துட்டா என்ன செய்ய? பாதி மரத்துல இருக்கையில கால் இப்படித் தெறிச்சா ஆம்பளையள் என்னத்துக்கு ஆவாவ? நகம் சரியாவட்டும், அப்புறம் தாலியப் பேசுவோம். சரியாவலைன்னா..." பாதியிலேயே திரும்பி ஆட்டோவில் ஏறிவிட்டாள். 

உலகம்மாள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். விரல் குணமாகாவிட்டால் கல்யாணம் இல்லை. குணமாகிவிட்டால், தன் வலி தெரிந்த ஒரே ஊரையும் விட்டுவிட்டு, தன் வலி ஒருவருக்கும் தெரியாத ஊருக்குப் போக வேண்டும். இரண்டில் எது மோசம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. மாசானத்தைப் பற்றி நினைத்தால் காப்பியில் சீனி போதும் என்பதுதான் ஞாபகம் வந்தது.

டாக்டர் எஸ்தர் விரலைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டார். "நடக்காதேன்னு சொன்னேனா இல்லையா? இனி உப்புத்தண்ணி மட்டும் பத்தாது. சதைக்குள்ள போன நகத்தை ஒரு ஓரமா, நெடுக, மெல்லிசா எடுத்துடணும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பேன், எடுக்கறப்ப வலிக்காது. ஆனா ஊசி வலிக்கும்." கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும்" என்றார்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ராஜமணி அண்ணாச்சி எழுந்து, பிள்ளை இந்தப் பாடு படுவது முதலில் தன்னால்தான், பிறகு ஊரால்தான், அதனால் ஊசியை எல்லோரும் சேர்ந்து வாங்கிக்கொள்வதே முறை என்றார். பெண்கள் சரி என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். ஆண்கள் தொண்டையைச் செருமினார்கள். சாயங்காலத் தண்ணீர் நின்றுபோகுமே என்று சிலர் இழுத்தார்கள். சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, நாள் நல்லதாக இல்லை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உலகம்மாள் அம்மாவின் பக்கத்தில் நின்றவள், அதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாதவள், "எனக்கு வலிக்கி" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. கூட்டம் அடங்கிவிட்டது. அது அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். ஆனால் அவள் வாயால் கேட்டது அப்போதுதான்.

ஊசி போடுகிற அன்று காலையில் மாசானத்தின் மினிபஸ் வரலாற்றில் இல்லாத கூட்டம் ஏறியது. எல்லோரும் ஆண்கள். பனையடியூரில் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்து அவசர வேலை இருந்தது. மண்வெட்டிச் சண்டையில் மண்டை உடைந்தும் சிரித்தவர், பாம்பைக் கையால் பிடிக்கிறவர், பஞ்சாயத்துத் தலைவர் நல்லபெருமாள் உட்பட, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி பாலத்தைத் தாண்டியது, அனைவரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். மாசானம் வண்டியை ஓரமாக வேப்பமர நிழலில் நிறுத்தி, சாவியை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான்.

"எங்கடே போற?" என்றார் தலைவர்.

"வாரேன்" என்று சொல்லிவிட்டு அவன் பாலத்தின் மேல் திரும்பி நடந்தான். பாலம் முடிகிற இடத்திலேயே அவன் நொண்ட ஆரம்பித்ததை வண்டியில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

சுகாதார நிலையத்தில் டாக்டர், "போடறேன்" என்று குரல் கொடுத்தார். ஸ்பீக்கர்காரர் அதைக் கேட்டு ஊருக்குச் சொன்னார். பெண்கள் அடுத்திருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஊசி விரலின் ஒரு பக்கம் ஏறியது, மறு பக்கம் ஏறியது. ஊர் மொத்தமும் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்தது. அப்புறம் வலி கரைந்து, அத்தனை கட்டைவிரலும் மரத்துப்போயின. டாக்டர் நகத்தின் ஓரத்தை மெல்லிய ஈர்க்குச்சி அளவுக்கு நறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, கட்டுப் போட்டார். மரத்த விரல் செருப்பு வளையத்தைப் பிடிக்கவில்லை. செருப்பு கழன்று விழுந்ததும் யாருக்கும் தெரியவில்லை. அன்று மத்தியானம் வடக்குச்செவல் தெருக்களில் பார்த்த இடமெல்லாம் வலது கால் செருப்பு. கிணற்றடியில், கோயில் நடையில், புதுசாகப் போட்ட தார் ரோட்டின் நடுவில் எல்லாம் ஒற்றை ஒற்றையாகக் கிடந்தன. மறுநாள் ராஜமணி அண்ணாச்சி எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிவந்து கடை வாசலில் பரப்பி வைத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கட்டோடு வெளியே வந்த உலகம்மாள், சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் மாசானம் நிற்பதைப் பார்த்தாள். அவன் இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் இல்லை, அது அவனுக்குத் தெரியவும் இல்லை.

"நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கலாம்லா?"

"இருந்திருக்கலாம்" என்றான் மாசானம். அப்புறம், "ரெண்டாவது ஊசிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான்.

உலகம்மாள் சிரித்துவிட்டாள். அவன் வெறும் வலது காலைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்து, அவனும் சிரித்தான்.

விரல் ஆறியது. சொன்னபடி கட்டை மாற்றி, காலை உயர்த்தி வைத்து, அவள் வீட்டிலேயே இருந்தாள். இப்போது எந்தத் தெருவும் அவளைக் கூப்பிடவில்லை, கூப்பிட வந்த ஒன்றிரண்டு பேரையும் ஆவுடையம்மாள் விளக்குமாற்றைக் காட்டித் துரத்தினாள். பனையடியூரிலிருந்து ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, பொன்னுத்தாய் ஆவணியில் முகூர்த்தம் குறித்தாள். ஒரு நாள் சாயங்காலம் உலகம்மாள் பழக்கத்தில் காலை உப்புத்தண்ணீரில் வைத்தாள். ஸ்பீக்கர்காரர் அறிவித்தார். ஊர் உட்கார்ந்து கண்ணை மூடிக் காத்திருந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து, சரி, பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தார்கள். அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை. மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு அவரவர் அண்டாவில் தண்ணீர் காய்ச்சி அவரவர் காலை வைத்துக்கொண்டார்கள். பெண்கள் நகத்தை நேராக வெட்டினார்கள். மூலை தெரிந்தால் லட்சணம் என்று பேச்சு மாறிப்போனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் உலகம்மாள் அவசரத்தில் வாசல் நடையில் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவு வலி. நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே பலகாரம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருவரும் திரும்பவில்லை. அவள் அந்த நடையிலேயே உட்கார்ந்து, விரலைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் அழக் கூடாது என்பதையெல்லாம் மறந்து அழுதாள். இனி அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஊசி போட்ட அன்று மாசானம் வந்தான், வாஸ்தவம். ஆனால் அன்று பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற எல்லோருக்கும் வலித்தது, அவனுக்கும் வலித்தது. நாளைக்கு அவள் போவது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. தாலி கட்டி முடிந்து அம்மி மிதிக்கிற நேரம் வந்ததும், வடக்குச்செவல்காரர்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். மற்ற ஊரில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள், இவர்கள் விரலைப் பார்த்தார்கள். மாசானம் குனிந்து, அவள் வலது கால் கட்டைவிரலைப் பிடித்துத் தூக்கினான். ஊர் மொத்தமும் தன் விரலில் ஏதாவது தெரிகிறதா என்று காத்திருந்தது. டீக்கடை மாஸ்டர் செருப்பைக் கழற்றியே பார்த்துவிட்டார். ஒன்றும் தெரியவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மாசானம் காலை அம்மிமேல் வைத்து, வெள்ளி மெட்டியை எடுத்துக் கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் ஏற்றினான். ஆசாரி அளவு எடுக்காமல் செய்த மெட்டி. அது விரலைக் கவ்விப் பிடித்தது, உள்ளே அறுத்தது. உலகம்மாள் வழக்கம்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல நாள், இத்தனை பேர், இரண்டு ஊர்ச் சனம். சொல்லக் கூடாது என்று நினைத்தாள்.

மாசானம் தன் வலது காலைத் தரையிலிருந்து தூக்கினான். சட்டென்று மெட்டியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"என்னடே, கழத்துத? நல்ல நேரம் போவுது" என்றாள் பொன்னுத்தாய்.

"இறுக்குதும்மா."

"புது மெட்டி அப்படித்தான் இருக்கும். பழகிரும்."

"பழக வேண்டாம்" என்றான் மாசானம். "எனக்கு இறுக்குது."

பொன்னுத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. மண்டபத்தில் இருந்த வடக்குச்செவல்காரர்களுக்குப் புரிந்தது. அவர்கள் அவன் தூக்கிய காலைப் பார்த்தார்கள், அப்புறம் ஆச்சரியப்படாமல் வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டு போனார்கள். ஆவுடையம்மாள் மட்டும் சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாசானம் மெட்டியின் வாயை இரண்டு கட்டைவிரல்களாலும் விரித்து, மறுபடி போட்டு, தன் பாதத்தைத் தரையில் வைத்து அசைத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் விரித்தான்.

"இப்ப?" என்று கேட்டவள் உலகம்மாள்தான்.

"இப்ப சரியா இருக்கு" என்றான் அவன்.

அவளுக்கும் சரியாக இருந்தது. அவள் பாதத்தை அம்மியின் மேல் முழுசாக ஊன்றி நின்றாள்.